நாட்டு மக்களுக்கான நெருக்கடிக்கால உரை (இந்தியா)

நாட்டு மக்களுக்கான நெருக்கடிக்கால உரை என்பது போர், கலவரம், பஞ்சம், தலைவர் ஒருவரின் மரணம், கொள்ளைநோய், பொருளாதார முடக்கம் முதலிய வேளைகளில் ஒரு நாட்டின் தலைவரோ அரசின் தலைவரோ வானொலி, தொலைக்காட்சி அல்லது நாடாளுமன்றத்தின் வாயிலாக மக்கள் அனைவரையும் நோக்கி நிகழ்த்தும் பேச்சு ஆகும். ஐக்கிய அமெரிக்கா, இலங்கை போன்ற நாடுகளில் இதனை நிறைவேற்று அதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவரே நிகழ்த்துகிறார். இந்தியாவில் பெரும்பாலும் பிரதமர் நிகழ்த்துகிறார். குடியரசுத் தலைவர் அரிதாகவே பேசுகிறார். அவ்வாறு அவர் பேசிய சில தருணங்கள் அரசுக்கு உவப்பாக அமையவில்லை.

இக்கட்டுரை இந்திய உரைகளை முதன்மையாகவும், ஒப்பீட்டுக்காக அமெரிக்க, இலங்கை உரைகளைச் சுருக்கமாகவும் விவரிக்கின்றது. தில்லியில் நிகழ்த்தப்படும் உரை மொழி எல்லையொன்றில் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதற்குக் கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் இராசகோபாலாச்சாரி (இராசாசி) பிறந்த ஊர் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்பது குறிப்பிடத்தக்கது.

அரசியலமைப்பு நிலை

இந்திய அரசியலமைப்பின் 74 ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயற்படுகிறார். 87 ஆம் உறுப்பின்படி ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தில் அவர் நிகழ்த்தும் சிறப்புரையும் அரசால் எழுதித் தரப்படுவதே. அதில் "எனது அரசு" என்று அவர் கூறினாலும் சொற்கள் அமைச்சரவையுடையவை. இதற்கு வெளியே, குடியரசு நாளுக்கும் விடுதலை நாளுக்கும் முந்தைய மாலைகளில் (சனவரி 25, ஆகத்து 14) அவர் நாட்டு மக்களுக்கு உரையாற்றும் வழக்கம் உள்ளது. குடியரசுத் தலைவரின் சொந்தக் குரல் என்று ஏதேனும் கேட்குமானால் அது இந்த இரு மாலைகளில்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறது.

நெருக்கடி நிலையை அறிவிக்கும் அதிகாரம் 352 ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவருக்குரியது. ஆனால் அதனை மக்களுக்கு விளக்கும் கடமை எவருக்கு என்று அரசியலமைப்பு கூறவில்லை. கையொப்பமிடுபவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர் என்னும் இந்த நிலை அமெரிக்க முறையில் இல்லாதது. இதன் விளைவுகள் 1975 இல் தெளிவாக வெளிப்பட்டன.

உரையின் கூறுகள்

தமிழ் மரபில் ஆள்வோரின் பேச்சு தனிப்பொருளாக ஆராயப்பட்டுள்ளது. திருக்குறளின் பொருட்பாலில் இடுக்கண் அழியாமை (63), அமைச்சு (64), சொல்வன்மை (65) ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகியனவும் இத்துறையைச் சார்ந்தவை. துன்பத்தில் கலங்காதிருத்தலும், அதைக் கடக்கச் சொல்லைப் பயன்படுத்தலும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது.

இக்கால உரைகளில் சில செயல்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. நடந்தது என்ன என்று கூறுதல், அதற்கு ஒரு பெயரிடுதல் (போர், சதி, சோதனை, கொள்ளைநோய்), யார் பொறுப்பு என்று சுட்டுதல், மக்களிடம் ஒன்றைக் கேட்டல், இனி என்ன நடக்கும் என்று உறுதி கூறுதல் என்பன அவை. எல்லா உரைகளிலும் இவை ஐந்தும் இருப்பதில்லை. எது விடுபட்டது என்பதே சில வேளைகளில் உரையின் விளைவைத் தீர்மானித்துள்ளது.

இவற்றுள் கடைசிக் கூறுக்குப் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் மார்ச் 12, 1933 அன்று நிகழ்த்திய வானொலி உரையாகும். மார்ச் 6 முதல் நாட்டின் வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டிருந்தன. வைப்பாகப் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அதைக் கடனாக முதலீடு செய்கிறது என்பதிலிருந்து தொடங்கி, எந்த நகரத்து வங்கிகள் எந்த நாளில் திறக்கும் என்பது வரை அவர் எளிய மொழியில் விளக்கினார். வங்கிகள் திறந்தபோது மக்கள் பணத்தை எடுப்பதற்கு மாறாகத் திரும்பப் போட்டனர். அவ்வுரையில் அணிநயம் மிகக் குறைவு. நிரல் எழுதுவோர் படிமுறை விளக்கம் என்று கூறுவதற்கு அது நெருங்கியது.

"நாம்" என்னும் சொல்

நெருக்கடி உரைகளில் மிகுதியாகப் பயன்படும் சொல் தன்மைப் பன்மையே. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் கேட்பவரையும் உளப்படுத்தும் "நாம்", கேட்பவரை விலக்கும் "நாங்கள்" என இரண்டு உண்டு. எனவே தலைவர் ஒருவர் "முடிவெடுத்துள்ளோம்", "துன்பத்தைத் தாங்குவோம்" என்று கூறும்போது முன்னதன் எழுவாய் "நாங்கள்" (அரசு) என்றும், பின்னதன் எழுவாய் "நாம்" (அனைவரும்) என்றும் தமிழில் பெயர்ப்பவர் தெரிவு செய்தாக வேண்டும். மூல உரை மறைத்து வைத்திருக்கும் பிரிவை மொழிபெயர்ப்பு வெளிக்காட்டிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் "நாம்" என்றே போட்டுவிட்டால், அரசின் முடிவு மக்களின் முடிவாகிவிடும்.

தெலுங்கிலும் "மனமு", "மேமு" என்று இவ்வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் இல்லை. "நாவு" என்பது இரண்டுக்கும் பொதுவானது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீதியில் ஒலிக்கும் ஓசூரில் ஒரே உரை மூன்று மொழிச் செய்தியறிக்கைகளில் வரும்போது இந்த வேறுபாடு காதுக்கே எட்டும்.

தொரப்பள்ளியும் தலைமை ஆளுநர் பதவியும்

இராசாசி திசம்பர் 10, 1878 அன்று அப்போதைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். விடுதலையின்போது மேற்கு வங்காள ஆளுநராகப் பொறுப்பேற்ற அவர், சூன் 21, 1948 முதல் சனவரி 26, 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்.

வங்காளத்தில் அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில் கல்கத்தாவில் மீண்டும் வகுப்புக் கலவரம் மூண்டது. செப்டம்பர் 1, 1947 அன்று காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். குண்டர்களுக்கு எதிராக உண்ணாநோன்பு இருக்க முடியுமா என்று இராசாசி அவரிடம் வாதிட்டார். எனினும் செப்டம்பர் 4 அன்று நகரின் தலைவர்கள் அமைதிக்கு உறுதியளித்த பின்னரே நோன்பு முடிவுற்றது. ஆளுநரின் அறிக்கைகளும் காவல் துறையும் செய்ய இயலாததை ஒருவர் பேசாமலும் உண்ணாமலும் செய்தது, அரசியல் சொல்வன்மையின் எல்லையைக் காட்டும் நிகழ்வாகும்.

சனவரி 30, 1948 அன்று காந்தி சுடப்பட்டபோது நெருக்கடித் தகவலின் வேறொரு பக்கம் வெளிப்பட்டது. கொன்றவர் ஓர் இந்து என்பதை அனைத்திந்திய வானொலி முதல் அறிவிப்பிலேயே கூறியது. முசுலிம் ஒருவரே கொன்றார் என்ற வதந்தி பரவியிருந்தால் பெருங்கலவரம் மூண்டிருக்கும். அன்றிரவு நேரு எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். ஒளி அணைந்துவிட்டது என்று தொடங்கி, அப்படிச் சொன்னது தவறு என்று தன்னையே திருத்திக்கொண்டு, அது சாதாரண ஒளியன்று என்று தொடர்ந்தார். கேட்போர் நினைவில் நின்றது முதல் கூற்றைக் காட்டிலும் அந்தத் திருத்தமே எனலாம்.

1962: ஒரே நாளில் இரு உரைகள்

1962 செப்டம்பர் இறுதியில் இராசாசி, காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவினருடன் வாசிங்டன் சென்று அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு குடியரசுத் தலைவர் யான் கென்னடியிடம் வேண்டினார். ஒரு மாதம் ஆகுமுன், அக்டோபர் 22 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கென்னடி தொலைக்காட்சியில் தம் நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அதே நாளில் நேரு, இரு நாட்களுக்கு முன் தொடங்கிய சீனப் படையெடுப்பைப் பற்றி இந்திய மக்களுக்கு வானொலியில் உரையாற்றினார்.

கென்னடியின் உரை அரசு எடுக்கவிருந்த நடவடிக்கைகளை வரிசையாகக் கூறியது. நேருவின் உரை, நட்பை நாடிய ஒரு நாடு ஏமாற்றப்பட்டதன் வருத்தத்தையே மிகுதியும் தாங்கியிருந்தது. அக்டோபர் 25 அன்று வேறொரு கூட்டத்தில், தாமே உருவாக்கிக்கொண்ட செயற்கைச் சூழலில் வாழ்ந்து உண்மை நிலையிலிருந்து விலகிப் போயிருந்ததாக நேரு ஒப்புக்கொண்டார். தலைவர் ஒருவர் நெருக்கடியின் நடுவில் இவ்வாறு கூறுவது எந்நாட்டிலும் அரிது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலையை அறிவித்த குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணனும் (திருத்தணியில் பிறந்தவர்) அரசு எளிதில் நம்பிவிட்டதையும் அசட்டையாக இருந்ததையும் குறை கூறினார்.

நவம்பரில் பொம்டிலா வீழ்ந்தபின் நேரு நிகழ்த்திய வானொலி உரையில், அசாம் மக்களை எண்ணித் தம் நெஞ்சம் உருகுவதாகக் கூறினார். ஆறுதலாகக் கருதப்பட்ட அச்சொற்களை அசாமில் பலர் விடைபெறுதலாகக் கேட்டனர். தேசுப்பூர் நகரத்திலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்னும் மனக்குறை அம்மாநில அரசியலில் பல பத்தாண்டுகள் நீடித்தது. தில்லிக்கு ஒரு பொருளும் எல்லைக்கு வேறொரு பொருளும் தந்த உரைக்கு இதுவே இந்தியாவில் பெரிதும் பேசப்படும் சான்றாகும்.

தமிழகத்தில் இதே நெருக்கடிக்கு எதிர்க்கட்சியிலிருந்தும் குறிப்பிடத்தக்க பேச்சு வந்தது. திராவிட நாடு கோரிக்கையை விடுத்த கா. ந. அண்ணாதுரை, வீட்டையும் அதன் கூரை ஓட்டையும் வைத்துக் கூறிய உவமை (வீடு நிலைத்தால்தானே ஓடு போட முடியும் என்ற கருத்து) கட்சியின் பெரும் கொள்கை மாற்றம் ஒன்றை எளிய மக்களும் ஏற்கும்படி செய்தது.

1965: மொழிப் போராட்டமும் சாசுத்திரியின் உரையும்

தமிழகத்தைப் பொறுத்தவரை நெருக்கடிக்கால உரைகளில் மிகுந்த விளைவை உண்டாக்கியது பெப்ரவரி 11, 1965 அன்று பிரதமர் லால் பகதூர் சாசுத்திரி வானொலியில் நிகழ்த்தியதாகும்.

அரசியலமைப்பின் 343 ஆம் உறுப்பின்படி சனவரி 26, 1965 முதல் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959 இல் நாடாளுமன்றத்தில் உறுதியளித்திருந்தார். ஆனால் 1963 இன் ஆட்சிமொழிகள் சட்டம், ஆங்கிலம் "தொடரும்" என்று கூறாமல் "தொடரலாம்" என்ற பொருள் தரும் சொல்லையே பயன்படுத்தியது. "தொடரலாம்" என்பது "தொடராமலும் போகலாம்" என்பதையும் உள்ளடக்கும் என்று அண்ணாதுரை மாநிலங்களவையில் சுட்டிக்காட்டினார். ஒரு வினைச்சொல்லின் விகுதி இத்தனை உயிர்களோடு பிணைந்த வரலாறு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

சனவரி 25, 1965 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் ஏற்பட்டது. அதன்பின் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. சென்னையில் சிவலிங்கம், அரங்கநாதன் ஆகியோர் அடுத்தடுத்த நாட்களில் தீக்குளித்து இறந்தனர். துப்பாக்கிச் சூடுகளில் இறந்தோரின் எண்ணிக்கை அரசுக் கணக்கில் சுமார் 70. அதிகாரப் பற்றற்ற கணக்குகள் அதனைவிடப் பன்மடங்கு கூடுதலாகக் கூறுகின்றன. முதலமைச்சர் எம். பக்தவத்சலம் போராட்டத்தைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே கையாண்டார். ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ. வி. அழகேசன் ஆகியோர் பதவி விலகல் கடிதங்களை அளித்தனர். சாசுத்திரி அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியபோது, ஏற்க வேண்டாம் என இராதாகிருட்டிணன் ஆலோசனை கூறினார். வானொலியில் பேசியவர் பிரதமர் என்றாலும், குடியரசுத் தலைவரின் இந்த மறுப்பு அவ்வுரைக்குப் பின்னிருந்த அழுத்தங்களுள் ஒன்றாகும்.

உரையில் சாசுத்திரி, நடந்த துயர நிகழ்வுகள் குறித்துத் தமது அதிர்ச்சியையும் வேதனையையும் முதலில் தெரிவித்தார். பின்னர் நேருவின் வாக்குறுதி எழுத்தளவிலும் உணர்வளவிலும் காக்கப்படும் என்று கூறி உறுதிமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஒவ்வொரு மாநிலமும் தன் அலுவல்களைத் தன் மொழியிலோ ஆங்கிலத்திலோ நடத்திக்கொள்ளலாம். மாநிலங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில், அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புடன் அமையும். இந்தி பேசாத மாநிலங்கள் ஒன்றிய அரசுடன் ஆங்கிலத்தில் தொடர்பு கொள்ளலாம். ஒன்றிய அரசின் அலுவல்களிலும் ஆங்கிலம் தொடரும் என்பன அவை. அனைத்திந்தியப் பணித் தேர்வுகள் தொடர்ந்து ஆங்கிலத்தில் நடத்தப்படும் என்பதும் சேர்க்கப்பட்டது. மாணவர்களின் உண்மையான அச்சம் இந்தக் கடைசி உறுதியில்தான் இருந்தது.

இவ்வுரையில் நயமான தொடர்கள் எவையும் நினைவுகூரப்படுவதில்லை. சாசுத்திரி மேடைப் பேச்சுக்குப் பெயர் பெற்றவரும் அல்லர். போராடுவோரைத் தேசவிரோதிகள் என்று பெயரிடாததும், அவர்கள் கேட்டதையே கேட்ட வரிசையில் பதிலாகத் தந்ததும்தான் உரையின் வலிமை. எனினும் அது உடனே அனைத்தையும் அடக்கிவிடவில்லை. மாணவர்கள் போராட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்த பின்னரும் பெப்ரவரியில் வன்முறைகள் தொடர்ந்தன. வானொலியில் சொன்னது சட்டமாக வேண்டும் என்பதே அடுத்த கோரிக்கையாயிற்று. அது 1967 இன் ஆட்சிமொழிகள் திருத்தச் சட்டத்தில்தான் நிறைவேறியது. அதற்குள் சாசுத்திரி காலமாகியிருந்தார். சென்னை மாநிலத்தில் காங்கிரசு ஆட்சியை இழந்து, மார்ச் 6, 1967 அன்று அண்ணாதுரை முதலமைச்சராகியிருந்தார். 1937 இல் சென்னை மாகாணப் பிரதமராகப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசி, 1965 இல் இந்தித் திணிப்பை எதிர்ப்போர் பக்கம் நின்றார்.

அதே ஆண்டில் பாக்கித்தானுடன் போர் மூண்டபோதும், உணவுத் தட்டுப்பாட்டின்போதும் சாசுத்திரி மக்களிடம் நேரடியாகக் கேட்டது சிறிய ஒன்றே: வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்க வேண்டும். படைவீரரையும் உழவரையும் இணைத்து வாழ்த்தும் அவருடைய முழக்கம் இக்காலத்தில் தோன்றியதாகும்.

1975: கையொப்பமும் குரலும்

சூன் 25, 1975 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையொப்பமிட்டார். மறுநாள் காலை பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் அதனை மக்களுக்கு அறிவித்தார். குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிறப்பித்துள்ளார், கலக்கமடையத் தேவையில்லை என்று உரை தொடங்கியது. எளிய மக்களுக்கான முற்போக்குத் திட்டங்களுக்கு எதிராக ஆழ்ந்த சதி நடப்பதாக அது காரணம் கூறியது.

இவ்வுரையின் முதல் வாக்கியத்தில் எழுவாய் குடியரசுத் தலைவர். முடிவெடுத்தவரின் பெயர் அதில் இல்லை. அமைச்சரவைக்கே அன்று காலையில்தான் செய்தி தெரிவிக்கப்பட்டது. தில்லியில் பல செய்தித்தாள்களின் அச்சகங்களுக்கு முன்னிரவில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்ததால் வானொலிக்குப் போட்டியாக வேறு குரல் எழவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆகத்து 15, 1975 அன்றுதான் தொடங்கப்பட்டது என்பதால் தமிழகத்து மக்களும் இதனை வானொலி வாயிலாகவே அறிந்தனர். பின்னர் 1978 இன் 44 ஆவது திருத்தம், "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தை நீக்கி "ஆயுதக் கிளர்ச்சி" என்பதை இட்டதுடன், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் தரப்பட்ட பின்னரே குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்றும் விதித்தது.

குடியரசுத் தலைவர்களின் விலகிய குரல்

பதவிக்காலம் முடிவதற்குச் சில மாதங்கள் முன், 1967 குடியரசு நாளையொட்டிய உரையில் இராதாகிருட்டிணன், சூழ்நிலையின் கடினங்களைக் கணக்கில் கொண்டாலும், பரவலான திறமையின்மையையும் நாட்டு வளங்கள் மோசமாகக் கையாளப்பட்டதையும் மன்னிக்க இயலாது என்ற கருத்தில் பேசினார். தொடர் வறட்சியும் பீகார்ப் பஞ்சமும் நாட்டை வாட்டிய நேரம் அது. கே. ஆர். நாராயணன் 2000 சனவரி 25 உரையில், நெடுங்காலம் பொறுத்துவரும் மக்களின் சினத்தைக் குறித்து எச்சரித்தார். இரு நாட்களின் பின் நாடாளுமன்ற மைய மண்டபத்தில், அரசியலமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அரசியலமைப்பைக் கைவிட்டோமா என்று வினவினார். அரசியலமைப்பை மறுஆய்வு செய்ய அன்றைய அரசு முனைந்திருந்த வேளையில் அவ்வினா எவரை நோக்கியது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ. ப. செ. அப்துல் கலாம் (2002-2007) இவ்வகைக் கண்டனப் பேச்சை மேற்கொள்ளவில்லை. பள்ளி மாணவர்களைத் தம்முடன் உறுதிமொழியைத் திரும்பச் சொல்ல வைப்பது அவரது முறை. ஆயினும் பதவியேற்றவுடன், 2002 ஆகத்தில், கலவரத்தால் பாதிக்கப்பட்ட குசராத்துக்குச் சென்றார். அங்கு உரையைவிடச் செல்கையே செய்தியாயிற்று.

இலங்கை: தாமதமும் விடுபட்ட சொல்லும்

சூலை 23, 1983 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பில் தொடங்கிய தமிழர் எதிர்ப்பு வன்முறை (கறுப்பு யூலை) நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனா சூலை 28 அன்றுதான் தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அதில் வீடும் உறவும் இழந்த தமிழர்களுக்கு ஆறுதலாகவோ வருத்தமாகவோ ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. வன்முறையைப் பிரிவினைக் கோரிக்கைக்கு எதிரான சிங்கள மக்களின் எதிர்வினையாக அவர் விளக்கினார். பிரிவினை கோருவதைத் தடை செய்யும் சட்டத்தையும் அறிவித்தார். அதுவே அடுத்த மாதம் ஆறாவது திருத்தமாக நிறைவேறியது. உரையின் "நாம்" என்பதற்குள் தாம் இல்லை என்று அன்று கேட்டுணர்ந்தோர் பலர் படகிலும் விமானத்திலும் நாட்டை விட்டு வெளியேறினர்.

மே 19, 2009 அன்று மகிந்த இராசபக்ச நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய உரையின் தொடக்கத்தில் சில வாக்கியங்களைத் தமிழில் பேசினார். இனி நாட்டில் சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை, நாட்டை நேசிப்போரும் நேசிக்காதோருமே உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். மொழியால் அழைத்துப் பொருளால் நிபந்தனை விதித்த உரை என இதனைத் திறனாய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஓசூர் எல்லைப் பகுதியில்

ஓசூர் பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ தொலைவில் உள்ளது. 1956 மொழிவாரிச் சீரமைப்பின்போது சென்னை மாநிலத்திலேயே தொடர்ந்த இப்பகுதி, 1965 இல் தருமபுரி மாவட்டத்திலும், பெப்ரவரி 9, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அமைந்தது. சிப்காட் தொழிற்பேட்டையும், அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் முதலிய தொழிற்சாலைகளும் வந்தபின் இங்கு தமிழகத்தின் பிற மாவட்டத்தாருடன் வட மாநிலத் தொழிலாளரும் குடியேறினர். தமிழகத்தின் சூசூவாடிக்கும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கும் இடையில் சாலை மூடப்பட்டால் நெருக்கடி என்பது இப்பகுதி மக்களுக்குச் செய்தியாக அல்லாமல் நடைப்பயணமாகவே வந்து சேர்கிறது.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை திசம்பர் 1991 இல் அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் கர்நாடகத்தின் தென் மாவட்டங்களிலும் தமிழர்மீது தாக்குதல்கள் நிகழ்ந்தன. பல்லாயிரவர் எல்லை கடந்து தமிழகம் வந்தனர். கன்னட நடிகர் இராசுகுமார் சூலை 30, 2000 அன்று வீரப்பனால் கடத்தப்பட்டபோது பெங்களூரில் மீண்டும் பதற்றம் ஏற்பட்டது. கர்நாடக முதலமைச்சர் எசு. எம். கிருட்டிணா சென்னை வந்து முதலமைச்சர் மு. கருணாநிதியைச் சந்தித்தார். இரு முதலமைச்சர்களும் ஒரே குரலில் பேசியது 108 நாட்கள் நீடித்த அந்நெருக்கடி பெருங்கலவரமாகாமல் தடுத்த காரணங்களுள் ஒன்று. அந்நாட்களில் இரு மாநிலங்களும் காத்துக் கேட்ட "உரைகள்" காட்டிலிருந்து வந்த ஒலிநாடாக்கள் என்பது ஒரு விந்தை.

செப்டம்பர் 12, 2016 அன்று உச்ச நீதிமன்றத்தின் காவிரி ஆணையை அடுத்து பெங்களூரில் தமிழக நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் 30க்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் எரிக்கப்பட்டன. பேருந்துகள் ஓசூருடன் நிறுத்தப்பட்டமையால் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் மக்கள் எல்லையை நடந்தே கடந்தனர். மறுநாள் பிரதமர் நரேந்திர மோதி, வன்முறை தீர்வாகாது என்று எழுத்துமூல வேண்டுகோள் விடுத்தார். வானொலி, தொலைக்காட்சி உரை எதுவும் நிகழ்த்தப்படவில்லை. இரண்டு மாநிலங்களுக்கிடையேயான நெருக்கடியில் ஒன்றியத் தலைவர் எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவது கடினம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். எனினும் 1965 இல் அக்கடினம் உரையாகவே எதிர்கொள்ளப்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 8 மணிக்கு, 500, 1000 உரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லாது என்று மோதி அறிவித்தார். கறுப்புப் பணம், கள்ளத் தாள், பயங்கரவாத நிதி ஆகியவற்றுக்கு எதிரான நடவடிக்கை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ரூசவெல்ட்டின் உரையைப் போன்றே இதிலும் பணம் எடுக்கும் வரம்புகள் விளக்கப்பட்டன. ஆனால் அவ்விதிகள் அடுத்த வாரங்களில் பலமுறை மாற்றப்பட்டன. செல்லாதவையாக்கப்பட்ட தாள்களில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018 இல் தெரிவித்தது.

மார்ச் 24, 2020 உரை

கொரோனாத் தொற்றையொட்டி மார்ச் 24, 2020 இரவு 8 மணிக்கு மோதி நிகழ்த்திய உரை, அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையில் நான்கு மணி நேரமே இருந்தது. (தமிழகத்தில் அன்று மாலை 6 மணி முதலே மாநில அரசின் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது.) வீட்டு வாசலை இலக்குவன் கிழித்த கோட்டுக்கு ஒப்பிட்டது இவ்வுரையின் முதன்மை உவமை. இராமாயணம் அறிந்த எம்மொழியாருக்கும் அது விளங்கும். ஆனால் "கொரோனா" என்ற சொல்லின் அசைகளைப் பிரித்து, யாரும் சாலைக்கு வரவேண்டாம் என்று பொருள்படும் இந்தித் தொடராக விரித்து அவர் காட்டிய பதாகை தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ பெயர்க்க இயலாதது. செய்தி வாசிப்போர் அதன் பொருளை மட்டும் கூறிக் கடந்தனர்.

வீட்டில் இருங்கள் என்ற வேண்டுகோள், இருக்கும் இடமே வீடு என்று கொண்டது. ஓசூர் போன்ற தொழிற்பகுதிகளில் அறையொன்றில் பலர் தங்கி, நாட்கூலியிலோ ஒப்பந்தத்திலோ வேலை செய்த வெளிமாநிலத்தவருக்கு வீடு என்பது ஒடிசாவிலோ பீகாரிலோ இருந்தது. அவர்கள் ஊர் திரும்புவது பற்றி உரையில் எதுவும் இல்லை. ஓசூர்ப் பகுதியின் உரோசா விவசாயிகள் பூக்களை விற்க வழியின்றிக் கொட்டினர். மார்ச் 29 அன்று தம் மாதாந்திர வானொலி நிகழ்ச்சியில் மோதி, மக்கள் பட்ட இன்னல்களுக்காக மன்னிப்புக் கேட்டார். ஊரடங்கு ஏப்ரல் 14 அன்று மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்புத் தொடருந்துகள் மே 1 அன்று தொடங்கின. அந்நாளில் ஒன்றிய அரசு வெளியிட்ட மாவட்டப் பட்டியலில் தமிழகத்தில் பச்சை மண்டலமாக எஞ்சியிருந்த ஒரே மாவட்டம் கிருட்டிணகிரி ஆகும்.